இலவச வாட்ஸ்அப்பும் அடைத்த பாதையும்

அன்புள்ள அக்காவுக்கு,

அரசியல் பேச்சுரிமைக்கு, எல்லாத் தளங்களையும் டெலிபோன் கம்பெனி ஒரே மாதிரி நடத்தும் இணையச் சமநிலை வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவின் ப்ரீபெய்டு சிம்மில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் இரண்டுக்கும் டேட்டா கழியாது, மற்றதற்கெல்லாம் கழியும். ஏழைக்கு இலவசமாகக் கிடைப்பதை ஏன் எதிர்க்கிறீர்கள்? அரசியல் எழுதினால் பிடிப்பது போலீஸ். இதில் டெலிபோன் கம்பெனி எங்கே வருகிறது?

ஒரு வாசகி, பந்திங், மலேசியா

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவிடமிருந்து எதையும் பிடுங்க நான் சொல்லவில்லை. ஆனால் டேட்டா தீர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தொகுதி வேட்பாளர் ஒருவரைப் பற்றி குழுவில் ஒரு செய்தி வருகிறது, கீழே இணைப்பும் இருக்கிறது. தட்டினால் திறக்காது. தலைப்பும் அதற்கு மேல் யாரோ எழுதிய நாலு வரியும்தான் அம்மாவுக்கு வந்து சேரும். வதந்தி இலவசம், அதைச் சரிபார்க்கத்தான் காசு. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில், எந்தத் தளம் என்று பார்த்து டேட்டா கட்டணத்தை மாற்றக்கூடாது என்று உத்தரவு போட்டது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் அங்கே அதோடு நின்றது. அங்கேயும் ஏழைகளின் பெயரைச் சொல்லித்தான் அதைக் கொண்டு வந்தார்கள்.

கம்பெனி எங்கே வருகிறது என்கிறீர்கள். 2005 ஜூலையில் கனடாவின் டெலஸ் நிறுவனத்துக்கும் அதன் தொழிற்சங்கத்துக்கும் தகராறு. சங்க ஆதரவாளர்கள் நடத்திய ஒரு தளத்தை, நிறுவனம் தன் இணைய வாடிக்கையாளர்களுக்குத் திறக்காதபடி அடைத்தது. அதே சர்வரில் இருந்த, இந்தச் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத 700-க்கும் மேற்பட்ட தளங்களும் சேர்ந்து மூடிக்கொண்டன.

நம் நாட்டில் உத்தரவு அரசிடமிருந்து வருகிறது, அடைப்பது கம்பெனி. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3(3) பிரிவு, இச்சட்டத்தில் எதுவும் இணையத் தணிக்கையை அனுமதிப்பதாகக் கொள்ளக்கூடாது என்கிறது. அப்படியிருந்தும் 1எம்டிபி என்ற அரசு நிதி நிறுவனத்தின் ஊழல் விவகாரத்தை எழுதிய சரவாக் ரிப்போர்ட் என்ற செய்தித் தளம் 2015 ஜூலையில் முடக்கப்பட்டது. ஆட்சி மாறி, 2018 மே மாதம்தான் திறந்தது. நீங்கள் சொல்லும் போலீஸ், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கும் அதே சட்டத்தின் 233-ஆவது பிரிவோடு வருகிறது, அதுவும் உண்மைதான். ஆனால் தளத்தையே அடைத்துவிட்டால் எழுதியவரைத் தேடிப் பிடிக்கவேண்டிய வேலையே இல்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைத் தேடிப் படியுங்கள். சம்பளம், கள்ளுக்கடை மூடல், துரைக்கு முன்னால் சைக்கிளில் போகும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் உண்டு. உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்பதும் உண்டு. பேசலாம் என்று விட்டுவிட்டு வாசலை மூடினால் பேச்சு லயத்து வீடுகளோடு நின்றுவிடும் என்பது அந்தப் பால்மரத் தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. வேலைநிறுத்தத் தலைவர் ஆர். எச். நாதனை பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். இணையச் சமநிலைக்கு நான் காட்டக்கூடிய மிக நல்ல விளக்கம் அந்தப் பட்டியல்தான்.

சரி, என்ன செய்வது? அம்மா அதே சிம்மை வைத்துக்கொள்ளட்டும். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இரண்டைக் கேளுங்கள். கொடுக்கிற டேட்டா எந்தத் தளத்துக்கும் ஒரே மாதிரி செல்ல வேண்டும் என்று சட்டம் கொண்டு வருவீர்களா? நீதிமன்ற உத்தரவு இல்லாமல், காரணத்தை வெளியிடாமல் எந்தத் தளத்தையும் அடைக்கமாட்டோம் என்று எழுத்தில் தருவீர்களா?