சொத்தை அடைக்கும்போது பூசும் சிவப்புச் சாயம்: எதற்கு, எப்படிப் போகும்?

பினாங்கில் சொத்தை அடைக்கப் போன ஒருவர், துப்பிய தண்ணீர் சிவப்பாக வந்ததும் ரத்தமென்று பயந்துவிட்டதாகச் சொல்லி, அது என்ன, எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறார். அது சொத்தை காட்டும் சாயம். ஜப்பானில் 1970களில் வந்த யோசனை.

பல்லின் மேலோட்டுக்குக் கீழே இருப்பது டென்டின். கிருமிகள் விடும் அமிலம் அதன் தாதுச்சத்தைக் கரைத்தால் அந்த இடம் மெத்தென்று ஆகிவிடும். அங்கேதான் சாயம் ஊறும். தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தலில் ரோஸ் சிராப் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்: டைல்ஸில் விழுந்தால் ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும், பொரிந்த சிமெண்டில் விழுந்தால் உள்ளே இறங்கிவிடும்.

சுமார் 10 விநாடி வைத்துவிட்டு, தண்ணீர் பீய்ச்சி உறிஞ்சி எடுப்பார்கள். நல்ல பகுதி அதிலேயே சுத்தமாகிவிடும். அப்புறமும் அழுத்தமாகச் சிவந்திருக்கும் இடத்தைத் தேய்த்துப் போக்குவதில்லை. கெட்டுப்போன டென்டினோடு சேர்த்தே சுரண்டி எடுப்பார்கள். தேவைப்பட்டால் மறுபடி பூசிப் பார்ப்பதும் உண்டு. (நாற்காலியில் வாயைத் திறந்தே வைத்திருப்பவருக்கு இது நீளமாகத்தான் தோன்றும்!) அந்த அழுத்தமான சிவப்பை மிச்சம் வைத்தால் பல் நிற அடைப்பின் வழியே சிவப்பு தெரியலாம், ஒட்டும் பசையின் பிடிப்பும் குறையலாம்.

சிவந்ததெல்லாம் சொத்தை என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, நரம்பை ஒட்டிய நல்ல டென்டினும் இயல்பாகவே தாது குறைந்தது என்பதால் லேசாகச் சாயமேறும், அதை டாக்டர் விட்டுவைத்தால் அது அரைகுறை வேலை அல்ல.