எண்பது ரூபாயும் மாலை டீயும்

மதிப்பிற்குரிய ஐயா,

தென்காசிப் பக்கம் எனக்குச் சொந்த ஊர். கோவை சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 26, எடை 58 கிலோ. வீட்டுக்கு அனுப்புவதும் அறை வாடகையும் போக, சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 80 ரூபாய்தான் ஒதுக்க முடிகிறது. அறையில் மூவர் இருக்கிறோம். ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் குக்கரும் உண்டு. ரேஷன் அரிசியை ஊரிலிருந்து கொண்டுவந்துவிடுவேன். காலையில் டீயும் பன்னும், மதியம் புளிச்சோறோ தக்காளிச் சோறோ, மாலையில் டீயும் வடையும், இரவில் சோறு, ரசம், அப்பளம். அண்மையில் ரத்த தானம் செய்யப் போனபோது, ஹீமோகுளோபின் 11.4 தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறை நண்பர் ஓட்ஸ் சாப்பிடச் சொல்கிறார். பட்டறையில் ஒருவர் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார். யூடியூபில் ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்கிறார்கள். சத்தாகச் சாப்பிடுவது என்னைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நடக்கும் என்று சட்டென்று எழுதிவிடத் தயக்கமாக இருக்கிறது. வயிறு நிறைந்தவன் இல்லாதவனுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டாலே எனக்குக் கூசும். ஆனால் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் எழுதியிருப்பதால், உபதேசத்தை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று. ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்றே கொள்வார்கள். உங்கள் வயது ஆணுக்கு 11.4 என்பது சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போகக்கூடிய எண் அல்ல. குடற்புழு, மூலத்தில் ரத்தம் போவது, வயிற்றுப்புண் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் காலையில் போங்கள். பரிசோதனைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் அங்கே காசு கிடையாது. நான் கீழே எழுதுவது அந்த மருத்துவத்துக்குத் துணையாகுமே தவிர மாற்றாகாது.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். புளி, ரசம், அப்பளம், தக்காளி ஆகிய எல்லாமே சோற்றை உள்ளே இறக்குவதற்கான துணைகள். பொருள் குறைந்த வீடுகளில் நம் சமையல் நெடுங்காலமாக இப்படித்தான் இருந்துவந்திருக்கிறது. கொஞ்சம் புளிப்பும் காரமும் இருந்தால் ஒரு குண்டான் சோறு இறங்கிவிடும், வயிறும் நிறைந்துவிடும். உங்களுக்கு அரிசி ஏறத்தாழ இலவசமாகவே கிடைக்கிறது. எனவே 80 ரூபாயில் மிகக் கொஞ்சமே சோற்றை இறக்குவதற்காகச் செலவாகவேண்டும். சோற்றில் இல்லாததை வாங்குவதற்கே மற்றது போகவேண்டும். இப்போதோ உங்கள் வாரத்தில் பருப்பு, முட்டை, கீரை மூன்றுமே இல்லை.

பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். டீ 15 ரூபாய் என்று வைத்தால் இரண்டு டீயும் பன்னும் வடையும் சேர்ந்து 50 ரூபாயைத் தொட்டுவிடும். மாலை டீயை நிறுத்தச் சொல்லமாட்டேன். நாள் முழுக்க இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அந்தப் பத்து நிமிடம் டீயைவிடப் பெரிய விஷயம். காலை டீ, பன், வடை மூன்றையும் விட்டுவிட்டால் உங்கள் கையில் 65 ரூபாய் நிற்கும்.

அதில் 80 கிராம் பருப்பு அல்லது பயறு 10 ரூபாய், இரண்டு முட்டை 14, ஒரு கைப்பிடி நிலக்கடலை 5, காய் அல்லது கீரை 15, எண்ணெய் 5, ஒரு கொய்யாவோ வாழைப்பழமோ 6, புளி, மிளகாய், வெங்காயம் 5 என்று வைத்தால் 60 ரூபாய் ஆகிறது. விலை ஏறும் இறங்கும். சில நாள் முட்டை ஒன்றாகக் குறையலாம், ஆனால் பருப்பு குறையக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. உங்கள் எடைக்கு 48 கிராம். முந்நூறு கிராம் அரிசியில் 20 கிராமுக்குச் சற்று மேல், பயறில் 18, இரண்டு முட்டையில் 13, கடலையில் 7 என்று கூட்டிப் பார்த்தால் 60 கிராமை ஒட்டி வருகிறது. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு என்பதால், இரண்டையும் ஒரே நாளில் சாப்பிடும்போது தரமும் கூடிவிடுகிறது. பவுடர் டப்பாவின் விலையைப் பார்த்தபிறகு இந்தக் கணக்கை அந்தப் பட்டறை நண்பரிடம் காட்டுங்கள்.

காலைக்கு என்ன செய்வது என்பதுதான் அறைவாசிகளின் உண்மையான சிக்கல். நானும் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் மூன்று ஆண்டுகள் இருந்தவன். காலையைப் பட்டினியாக ஓட்டிவிட்டு இரவில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, அது வயிற்றில் கனமாகக் கிடப்பதையே சத்து என்று நம்பியிருந்தேன். உங்களிடம் குக்கர் இருக்கிறது. பச்சைப்பயறையோ கொள்ளையோ இரவே ஊறப்போட்டுவிட்டால், காலையில் வேகவைத்து உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக்கொள்ளலாம். கொள்ளுக்கு மட்டும் இரண்டு விசில் கூட வைக்கவேண்டும். முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தால் அதற்கு இதைவிட நல்ல தொடுகறி இல்லை. சுண்டலின் மேல் அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஈர்ப்பதில்லை, வைட்டமின் சி உடனிருந்தால் ஈர்ப்பு கூடும். டீ அதற்கு நேர் எதிர் வேலையைச் செய்யும் என்பதால், சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். கொய்யாவைச் சொன்னதும் இதற்காகத்தான். அதில் ஆரஞ்சில் உள்ளதைப்போல் பல மடங்கு வைட்டமின் சி உண்டு, விலையோ ஆப்பிளுக்கு வெகு கீழே. அசைவம் உண்பவர் என்றால் வாரம் ஒருமுறை நூறு கிராம் கோழி ஈரல் வாங்குங்கள். கறிக்கடையில் மலிவாகக் கிடைப்பது அது; அதிலுள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாக உடலில் சேரும்.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கிடையாது. சோகை குறையட்டும் என்று இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசிமணிகளை அதில் கலந்து வந்திருக்கிறார்கள். அவை நிறத்தில் சற்று வேறுபட்டும் சில நேரம் தண்ணீரில் மிதந்தும் தெரிவதைப் பார்த்துத்தான் இந்த வதந்தி கிளம்பியது. அவை இருந்தால், உங்களுக்கே தேவையான மணிகளைப் பொறுக்கி எறிந்துவிடாதீர்கள். அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் சத்தில் ஒரு பகுதி போய்விடும். ஓட்ஸ் கெட்டதல்ல, ஆனால் உங்களுக்குத் தேவையுமில்லை. சிறுதானியமும் அப்படித்தான்; அது ஏழையின் உணவாக இருந்த காலம் போய், இன்று பல கடைகளில் அரிசியைவிட விலை கூடிவிட்டது. கேழ்வரகு மட்டும் விதிவிலக்கு, அதில் கால்சியம் நிறைய. வாரத்தில் இரண்டு நாள் கூழாகக் காய்ச்சிக் குடிக்கலாம்.

ஒரு ஆளுக்கு 15 ரூபாய்க்குக் காய் வாங்கினால் ஒன்றும் தேறாது. மூவரும் சேர்ந்து 45 ரூபாயோடு சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போங்கள். சந்தை முடியும் நேரத்துக்குச் சற்று முன் போனால் விவசாயிகள் மிச்சத்தைத் திருப்பிச் சுமக்க மனமில்லாமல் விலையைக் குறைத்தே கொடுப்பார்கள். முருங்கை மரம் நிற்கிற வீடு பக்கத்தில் இருந்தால் கீரைக்குக் காசே வேண்டாம், கேட்டால் ஒடித்துக்கொள்ளச் சொல்வார்கள். சமைக்கவே முடியாத நாள்களில் கோவையிலும் அம்மா உணவகம் இருக்கிறது. 2013இல் சென்னையில் தொடங்கியபோது வைத்த இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்பது உங்கள் பட்ஜெட்டுக்காகவே வைத்ததுபோல் இருக்கும். அங்கே போகும்போது அவித்த முட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.