வெள்ளிக்கிழமை பப்புக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

தம்பி, இங்கிலாந்தில் டெர்பிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஊர் நடுவிலுள்ள பழைய பப்புக்கு உங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். குடித்துப் பழக்கமில்லை, சைவம் வேறு. போனால் என்ன கேட்பது, போகாவிட்டால் தவறாக நினைப்பார்களா, அங்கே பீரைச் சூடாகத் தருவார்கள் என்பது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதினேழு வருடத்துக்கு முன் இதே ஊரில் இதே கேள்விகளோடு நானும் நின்றேன். கேட்க ஆளில்லாமல் நானாகப் போய் அசடு வழிந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

போங்கள். முதலில் டாஸ்மாக் பக்கத்துக் கொட்டகையை மனதிலிருந்து அகற்றிவிடுங்கள். இங்கே பகல் மூன்று மணிக்கு எழுபது வயது அம்மாள் தனியாக உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். மேசைக்கடியில் யாருடைய நாயோ தூங்கும். பழைய பப் என்பது நம் ஊர்ச் சாவடி மாதிரி; குடிப்பதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அங்கே முக்கியமான வேலை. எங்கள் ஆய்வகத்தில் யாருக்கு யாரோடு ஆகாது, எந்த வேலை எப்போது காலியாகப் போகிறது என்பதெல்லாம் எனக்கு அலுவலகத்தில் தெரிந்ததைவிட அங்கே தெரிந்ததுதான் அதிகம்.

முதல் நாள் நான் செய்த முதல் தவறு, நாற்காலியில் போய் உட்கார்ந்து சர்வருக்காகக் காத்திருந்தது. இருபது நிமிடம்! யாரும் வரமாட்டார்கள், தம்பி. நாமேதான் கவுண்டருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே பணம் கொடுத்துவிட்டு, கையில் எடுத்துவர வேண்டும். கவுண்டரில் வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எல்லோரும் பரவலாக நிற்பார்கள். ஆனால் யாருக்குப் பின் யார் வந்தார் என்பது நிற்பவர்களுக்கும் தெரியும், உள்ளே நிற்பவருக்கும் தெரியும். கையைத் தட்டுவதும் நோட்டை ஆட்டுவதும் கூடாது. தவறி உங்களை முதலில் கேட்டால், முன்பே வந்தவரைக் கைகாட்டிவிடுங்கள். அந்த ஒரு செய்கைக்கே உங்களுக்கு மரியாதை கூடும். டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தச் சூடான பீர் கதைக்கு வருகிறேன். கவுண்டரில் நீண்ட மரக் கைப்பிடிகள் நிற்கும். அவைதான் கைப்பம்புகள். அவற்றின் வழியே வருவது ரியல் ஏல் என்ற பழைய முறைப் பீர். மதுவாலையிலிருந்து புறப்படும்போதே ஈஸ்ட் உயிரோடு இருக்கும்; பப்பின் நிலவறையில் பீப்பாய்க்குள் அது மறுபடி மெல்லப் புளிக்கும். மேலேயிருந்து வாயு ஏற்றித் தள்ளுவதில்லை. பரிமாறுபவர் கைப்பிடியை நிதானமாக இழுப்பார். இரண்டு மூன்று இழுப்பில் கிளாஸ் நிறையும், அடியிலிருந்து கலங்கல் புகைபோல் எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளியும். வெப்பம் 11 முதல் 13 டிகிரி. ஃபிரிட்ஜ் குளிர் இல்லை, பானைத் தண்ணீர்க் குளிர். சூடு என்பதெல்லாம் அமெரிக்கர்கள் கிளப்பிய புரளி என்பது என் கட்சி.

கள்ளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; காலையில் இறக்கியது மாலையில் புளித்துப்போகும். ஏலும் அந்த ஜாதிதான். சாதாரணப் பீப்பாய் ஒன்றில் 9 காலன், அதாவது 72 பைன்ட்; ஒரு பைன்ட் 568 மில்லி. திறந்தால் மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆகவே கைப்பம்பு எட்டும் வாடிக்கையாளர் நாலு பேருமாக இருக்கும் இடத்தில் ஏல் கேட்காதீர்கள். இது தெரியாத காலத்தில், வேறொரு பப்பில், வினிகர் வாடையடித்த பைன்ட் ஒன்றை, இதன் ருசியே இப்படித்தான் போலும் என்று முக்கால்வாசி குடித்தேன். பக்கத்து மேசைக்காரர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தானே எழுந்து போய் மாற்றி வாங்கி வந்தார். கெட்டுப்போனதைத் திருப்பிக் கொடுப்பது இங்கே சண்டையில்லை.

1960களில் பெரிய கம்பெனிகள் இந்த உயிருள்ள பீரை ஒழித்து, வாயு ஏற்றிய பீரை ஊரெங்கும் நிரப்பப் பார்த்தன. 1971இல் நான்கு பேர் சேர்ந்து காம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். இன்று அதில் ஒரு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். ‘ரியல் ஏல்’ என்ற பெயரை ஊரறியச் செய்தவர்களும் இவர்கள்தான். பீருக்காக இயக்கமா என்று நானும் சிரித்தேன். பிறகு யோசித்தால், பாரம்பரிய நெல்லுக்காக நம்மவர்கள் அலைவதுபோலத்தான்.

ரயிலில் கால்மணி நேரம் போனால் பர்ட்டன் வரும். அந்த ஊர் நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம், கசப்புப் பீருக்கு அது தோதான நீர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே காய்ச்சிய கசப்புப் பீர்தான் கல்கத்தா, பம்பாய், மதராஸ் என்று கப்பலேறியது. இந்தியா பேல் ஏல் என்ற பெயர் அப்படி வந்தது. எங்காவது கைப்பம்பில் சிவப்பு முக்கோணம் தெரிந்தால் அது பர்ட்டனின் பாஸ் கம்பெனிப் பீர். 1876இல் பிரிட்டனில் முதன்முதலாகப் பதிவான வணிகச் சின்னம். மேசையில் பேச்சு தடைப்படும்போது இதைச் சொல்லுங்கள், உடனே யாராவது மறுக்க ஆரம்பிப்பார், ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

சைவத்துக்கு ஒரு எச்சரிக்கை. ஏலைத் தெளிய வைக்க, மீன் வயிற்றிலுள்ள காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பல இடங்களில் சேர்ப்பார்கள். எனக்கு இது தெரியவே ஆறு வருடம் ஆயிற்று. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது சேர்க்காத ஏல்களும் நிறைய வருகின்றன. பம்பின் அட்டையில் வீகன் என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். கேட்பதைக் கேவலமாக யாரும் பார்ப்பதில்லை.

சைடர் என்பது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது; பெயரைக் கேட்டு ஆப்பிள் ஜூஸ் என்று ஏமாறாதீர்கள். நான் ஏமாந்தேன். வெறும் வயிற்றில், தாகத்தில், ஒரு பைன்ட், மடமடவென்று. அதன் வீரியம் 6.8 சதவீதம் என்று அட்டையில் பெரிதாகவே எழுதியிருந்தது. எழுந்தபோது கால் இரண்டும் எனக்குச் சொந்தமாக இல்லை. ஹெர்ஃபோர்ட்ஷயர், சோமர்செட் பக்கத்தில் சைடருக்கென்றே வளர்க்கும் துவர்ப்பு ஆப்பிள்கள் உண்டு. கடித்துத் தின்ன முடியாது, பிழிந்து புளிக்கவைத்தால்தான் மணம் வரும். சட்டப்படி 35 சதவீதம் பழச்சாறு இருந்தாலே சைடர் என்று விற்கலாம் என்பதால், குளிரக் குளிர நுரைத்து வரும் இனிப்புச் சரக்கைவிட, கவுண்டருக்குப் பின்னால் பெட்டியிலிருந்து கலங்கலாக ஊற்றித் தருவது எனக்குப் பிடிக்கும். அரை பைன்ட் போதும். அரை பைன்ட் கேட்டால் கேலி செய்வார்கள் என்பது பொய்.

குடிக்கவே வேண்டாமென்றாலும் பரவாயில்லை. லைம் சோடா கேளுங்கள், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஒரு விஷயத்தில்தான் கவனம் வேண்டும்: ‘ரவுண்ட்’. ஒவ்வொருவராக முறைவைத்து எல்லோருக்கும் வாங்குவார்கள். மற்றவர் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு உங்கள் முறை வரும்போது கழிவறைக்குப் போனால், பத்து வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள். ஆறு பேர் சேர்ந்தால் ஆறு கிளாஸ் ஆகும். அது உங்களால் ஆகாது. ஆரம்பத்திலேயே ‘என்னுடையதை நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள். பதிலுக்குச் சிப்ஸ் பாக்கெட் இரண்டு வாங்கி, பக்கவாட்டில் முழுதாகக் கிழித்து விரித்து, மேசை நடுவில் வையுங்கள். இலை போட்டது மாதிரி எல்லாக் கையும் அதற்கு வரும்.

நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்களா என்று கடைசி வரியில் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். பார்த்த காலம் இருந்தது. பர்மிங்ஹாம் அருகே ஸ்மெதிக்கில் நம் நாட்டவரைப் பப்பின் நல்ல அறைக்குள் விடாமல் வைத்திருந்தார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கே வந்தார். அதே வருடம் பொது இடங்களில் இனம் பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. இன்று அந்தப் பக்கத்தில் பஞ்சாபிகள் நடத்தும் பப்புகளில் தந்தூரி வாசனை தெருமுனைவரை வரும். எனக்குப் பதினேழு வருடத்தில் இரண்டு முறை கசப்பு நேர்ந்தது, இரண்டும் கால்பந்து ஆட்ட நாள். அன்றைக்குப் பெரிய திரை வைத்த இடங்களை விட்டுவிடுங்கள்.

வயதைக் காட்ட அடையாள அட்டை கொண்டுபோங்கள், 25க்குக் குறைவாகத் தெரிந்தால் கேட்பார்கள். பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலையாமல் ப்ரொவிஷனல் லைசென்ஸ், அதாவது வண்டி ஓட்டப் பழகுபவருக்கான படம் போட்ட உரிமம், ஒன்று வாங்கிவிடுங்கள். காரைத் தொடவே வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பாதிப் பப்புகளில் இரவு அடுப்பு அணைந்திருக்கும். புறப்படும்போது காலிக் கிளாஸைக் கவுண்டரில் கொண்டு வைத்தால் நல்லது.

இன்னொன்று: கதீட்ரல் பக்கத்திலுள்ள டால்பின் என்ற பப்புக்குத்தான் போகிறார்கள் என்றால், அது 1530லிருந்து இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் வீடு, அறைகள் சின்னவை. ஆறு மணிக்குமுன் போனால் உட்கார இடம் கிடைக்கும்.