கெட்டது பெட்டி இல்லை, பழத்தின் தண்ணீர்

கேள்வி: டீச்சர், நான் பிறையில் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். காலை 6.30க்குக் கம்பெனி பஸ். பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்குப் பசியாற, கையில் பிடித்துக்கொண்டே சாப்பிடுகிற மாதிரி இனிப்பாக ஏதாவது செய்து தர ஆசை. தெரிந்த ஏஜெண்ட் ஒருவரிடம் தவணையில் ஏர் ஃபிரையர் வாங்கினேன். ஃபுரோசன் ரொட்டி சானாய்க்குள் (பரோட்டாவுக்குள்) வாழைப்பழமும் காயா ஜாமும் வைத்து மடித்து, 200 டிகிரியில் 10 நிமிடம் வைத்தால் மேலே கருகிவிடுகிறது, உள்ளே மாவு பச்சையாகவே இருக்கிறது. காயா வழிந்து கூடையில் ஒட்டிக்கொள்கிறது. ஏஜெண்ட் கொடுத்த பேப்பர் விரிப்பைப் போட்டும் பார்த்தேன், அடிப்பக்கம் இன்னும் மோசம். "உள்ளே காற்றாடி வீக், 150 வெள்ளி கொடுத்தால் மாற்றலாம், இல்லாவிட்டால் பெரிய மாடலுக்கு மாறிக்கொள்ளுங்கள்" என்கிறார். கொடுக்கலாமா? இதே பெட்டியில் ஜெம்புட் பீசாங் (வாழைப்பழ மாவுருண்டைப் பொரியல்) வருமா?

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி. 150 வெள்ளியும் வேண்டாம், பெரிய மாடலும் வேண்டாம். முதலில் ஒரு வெள்ளி செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்யுங்கள்.

கடை ரொட்டி (பிரெட்) இரண்டு துண்டைக் கூடையின் அடி நிறையப் பரப்புங்கள். பெட்டியோடு வந்த கம்பித் தட்டை அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். வைக்காவிட்டால் காற்று ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேலே உள்ள சூட்டுக் கம்பியில் ஒட்டிவிடும். 180 டிகிரி, 4 நிமிடம். ரொட்டி முழுக்க ஏறக்குறைய ஒரே பொன்னிறமாக வந்தால் காற்றாடியும் நன்றாக இருக்கிறது, கம்பியும் நன்றாக இருக்கிறது. ஓரம் கொஞ்சம் கூடக் குறைய இருப்பது எல்லாப் பெட்டிக்கும் உள்ள குணம். ஒரு பாதி கரியாகவும் மறு பாதி வெள்ளையாகவும் வந்தால், அல்லது காற்றாடிச் சத்தமே கேட்காவிட்டால், அப்போதுதான் பெட்டியில் கோளாறு. அப்படியே இருந்தாலும் உத்தரவாதக் காலத்துக்குள் அதைச் சரிசெய்வது விற்றவர் பொறுப்பு. உங்கள் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை.

நான் பந்தயம் கட்டுகிறேன், ரொட்டி நன்றாகத்தான் வரும். ஏனென்றால் நீங்கள் சொல்லும் கோளாறு எல்லாம் மடிப்புக்குள்ளே இருக்கிறது.

வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அதைப் பச்சையாக நறுக்கி மாவுக்குள் பூட்டிவிட்டால், சூடு ஏறியதும் அந்தத் தண்ணீர் ஆவியாகிறது, வெளியே போக வழியில்லை. தண்ணீர் இருக்கும்வரை அதை ஒட்டிய மாவு 100 டிகிரியைத் தாண்டாது. வெளித்தோலுக்கோ நீங்கள் 200 டிகிரிக் காற்றை அடிக்கிறீர்கள். ஆக, வெளியே அப்பளம், உள்ளே கொழுக்கட்டை. ஆவி அழுத்தம் தாங்காமல் ஓரத்தைப் பிளக்கும்போது இளகிய காயாவும் கூடவே வெளியேறுகிறது. காயா என்பது சீனியும் முட்டையும் தேங்காய்ப்பாலும். அது கூடையைத் தொட்ட நிமிடமே கருகி ஒட்டுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இந்தப் பெட்டியின் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஃபிலிப்ஸ் 2010இல் இதை "ஏர்ஃபிரையர்" என்று சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து எல்லாரும் இதைப் பொரிக்கும் சாமான் என்றே நினைக்கிறோம். இது பொரிப்பதில்லை. தலைக்குமேல் சூட்டுக் கம்பியும் காற்றாடியும் வைத்த சின்ன ஓவன், அவ்வளவுதான். சூடான எண்ணெய்யில் போட்டால் பண்டத்தை எல்லாப் பக்கமும் எண்ணெய் பிடித்துக்கொள்ளும். இங்கே காற்று கூடையின் ஓட்டைகள் வழியே கீழே போய்த் திரும்பி வந்தால்தான் அடிப்பக்கம் வேகும். அந்த ஓட்டைகளைப் பேப்பர் விரிப்பால் அடைத்துவிட்டால் அடி எப்படி வேகும்? ஏஜெண்ட் இலவசமாகக் கொடுத்த விரிப்புதான் உங்கள் அடி மாவைப் பச்சையாக வைத்தது. பெட்டியைச் சூடாக்கும்போது வெறும் விரிப்பை மட்டும் போட்டு வைக்கிறார்கள் சிலர். அது பறந்து கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கும். என் வகுப்பிலேயே ஒருமுறை புகை வந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

இப்போது செய்முறை. இதை இரவிலேயே செய்ய வேண்டும். காலையில் மடிக்கக் கூடாது, அதுதான் இதில் சூட்சுமமே.

பழுத்த, ஆனால் தோல் கறுக்காத பீசாங் பெராங்கான் வாழைப்பழம் இரண்டு. சௌரஸ்தா மார்க்கெட்டில் பழக்காரரிடம் "இன்றைக்குச் சாப்பிட" என்று கேட்காதீர்கள், "நாளைக்குச் சாப்பிட" என்று கேளுங்கள், பதம் சரியாக இருக்கும். பீசாங் மாஸ் வாழைப்பழமும் சுவைதான், ஆனால் குவாலியில் (வாணலியில்) சீக்கிரம் குழைந்து ஒட்டும். பழத்தைப் பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி சீவிய குலா மலாக்கா (பனைவெல்லம் மாதிரியான வெல்லம்), ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துச் சிறு தீயில் கிளறுங்கள். ஆறேழு நிமிடத்தில் பழம் ஓரத்தை விட்டு விலகி ஒரே உருண்டையாகத் திரளும். அப்போது இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ போட்டு இறக்குங்கள். தேங்காய்ப்பூ மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஏலக்காய் உங்கள் விருப்பம். காயா போட்டே ஆகவேண்டும் என்று மகள் அடம்பிடித்தால், கலவை நன்றாக ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி மட்டும், அதுவும் பிரிட்ஜிலிருந்து எடுத்த கெட்டிக் காயா.

ரொட்டி சானாயை ஃபிரீசரிலிருந்து எடுத்து வளைகிற அளவுக்கு மட்டும் இளகவிடுங்கள். முழுக்க இளகிவிட்டால் அதன் அடுக்குகளுக்கு இடையில் உள்ள கொழுப்பு உருகி, பொரபொரப்பு போய்விடும். ஒரு ரொட்டியை இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஆறிய கலவை ஒரு மேசைக்கரண்டி, அதற்குமேல் வேண்டாம். மடித்து, முள்கரண்டியால் ஓரத்தை நன்றாக அழுத்தி, மேலே இரண்டு குத்துக் குத்துங்கள். அதுதான் ஆவிக்கு வாசல். மூன்று ரொட்டியில் ஆறு மடிப்பு வரும். தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி ஃபிரீசரில் வைத்து, கல்லாக ஆனதும் பையில் போடுங்கள். இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும்.

காலையில் பெட்டியை 180இல் 3 நிமிடம் வெறுமனே சூடாக்குங்கள், உள்ளே ஒன்றும் வேண்டாம், விரிப்பும் வேண்டாம். உறைந்த மடிப்புகளை அப்படியே கூடையில் இடைவெளி விட்டு வையுங்கள். 160 டிகிரி, 10 நிமிடம். திருப்பிப் போட்டு 180 டிகிரி, 3 அல்லது 4 நிமிடம். உள்ளே இருப்பது உறைந்து கிடப்பதால் மாவு வெந்து முடிகிற நேரத்தில்தான் இளகத் தொடங்கும், வழிய அவகாசம் இருக்காது. உங்கள் பெட்டிக்கு ஒரு நிமிடம் முன்பின் ஆகலாம், முதல் நாள் ஒன்றைப் பிய்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே சீனி தூவ ஆசைப்பட்டால் வெந்த பிறகு தூவுங்கள்.

ஜெம்புட் பீசாங் கேட்டீர்கள். ஈர மாவை இந்தக் கூடையில் ஊற்றக் கூடாது, ஓட்டை வழியே ஒழுகும், ஒழுகாததைக் காற்று தள்ளிக் கோலம் போடும். ஆனால் ஒரே ஒரு விலக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கே யாராவது "டீச்சர் தப்பாகச் சொன்னார்" என்று வருவார்கள். சிலிக்கோன் கிண்ணத்தில் வைத்தால் வரும். எந்த மாவு? கரண்டியைச் சாய்த்தால் வழியாமல், தட்டினால் பொத்தென்று விழுகிற கெட்டி மாவு. அதைவிடத் தளர்ந்தால் உள்ளே களியாகிவிடும். எந்தக் கிண்ணம்? கடையில் மஃபின் செய்ய விற்கும் சிறிய சிலிக்கோன் கிண்ணம், பேப்பர் கிண்ணம் இல்லை. பேப்பர் கிண்ணம் மாவின் கனம் தாங்காமல் விரிந்துவிடும், மாவு இல்லாமல் ஒன்று கிடந்தாலோ பறந்தே போய்விடும். எவ்வளவு மாவு? முக்கால் கிண்ணம். சூடு 160, நேரம் 12 நிமிடம், குச்சியால் குத்திப் பார்த்தால் ஈரம் ஒட்டக் கூடாது. பிறகு கிண்ணத்திலிருந்து எடுத்துக் கவிழ்த்து இன்னும் 2 நிமிடம், அடி சிவக்க. ஆனால் ஒன்று, இத்தனையும் செய்த பிறகு கையில் கிடைப்பது ஜெம்புட் பீசாங் அல்ல, வாழைப்பழக் கேக். எண்ணெய்யில் பொரிந்த ஓரம் வராது. அதற்கு ஏங்குபவர்கள் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்ச் சட்டியை வைக்கட்டும்.

இனி அந்த ஏஜெண்ட். எனக்கு அவரைத் தெரியாது, ஆனால் அவரைப் போன்றவர்களை நன்றாகத் தெரியும். தாமானில் ஒருவர் தவணைக்கு விற்பார், முதல் மாதம் பேப்பர் விரிப்பு இலவசம், இரண்டாவது மாதம் விரிப்புக்குக் காசு, மூன்றாவது மாதம் "ரெசிபி குரூப்"புக்குச் சந்தா, நான்காவது மாதம் பெட்டியில் கோளாறு. மேலே சொன்ன ரொட்டிச் சோதனையைச் செய்து காட்டச் சொன்னால் அவர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். படம் எடுத்து அனுப்புங்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள். ரசீது கொடுத்தாரா? கொடுக்காவிட்டால் இன்றே கேளுங்கள். தவணைச் சீட்டும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரம்தான், எதையும் அழிக்காதீர்கள்.

பெட்டியைத் திருப்பியும் பாருங்கள். சிரிம் சின்னம், அதாவது பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் முத்திரை, இருக்கிறதா? பிளக் நம் ஊர் மூன்று முள் பிளக்கா, அல்லது இரண்டு முள்ளை அடாப்டரில் சொருகிக் கொடுத்தாரா? இரண்டு முள் என்றால் அந்தப் பெட்டியைக் காலையில் அவசரத்தில் பயன்படுத்த வேண்டாம், விற்றவரிடமே கொண்டுபோய் வையுங்கள். இன்னொன்று, ஏர் ஃபிரையரையும் தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகாதீர்கள். 1,500 வாட்டும் 2,000 வாட்டும் சேர்ந்தால் 3,500. நம் 230 வோல்ட்டில் அது 15 ஆம்பியருக்கு மேல், பிளக்கில் உள்ள ஃபியூஸோ 13 ஆம்பியர். கெட்டிலை முதலில் முடித்துவிடுங்கள்.

அவர் பிடிவாதம் பிடித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். தாளில் இது அழகு. நடப்பில், 150 வெள்ளிக்காக ஷிஃப்ட் வேலை செய்யும் பெண் லீவு போட்டு, பாரம் நிரப்பி, விசாரணைக்குப் போய் நிற்க வேண்டும். அதை அறிந்துதான் இவர்கள் 1,500 கேட்பதில்லை, 150 கேட்கிறார்கள். நானும் சில ஆண்டுகளுக்கு முன் வகுப்புக்கு வாங்கிய மாவு மெஷினுக்காக, விற்றவரிடமிருந்து ஒரு கவுண்டர், அங்கிருந்து இன்னொரு கவுண்டர் என்று மூன்று நாள் அலைந்தேன். கடைசியில் போன விலைக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது, அதனால்தான் முதல் வரியிலேயே "கொடுக்காதீர்கள்" என்றேன்.

கூடையில் ஏற்கெனவே ஒட்டியதைக் கம்பி நாரால் சுரண்டாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். வெந்நீரும் பாத்திர சோப்பும் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுப் பஞ்சால் துடையுங்கள். ஸ்பிரே எண்ணெய் அடிக்கும் பழக்கமும் வேண்டாம், அது பூச்சில் பிசினாகப் படியும்.

மகளிடம் சுடச்சுடக் கொடுக்காதீர்கள். வெளியே ஆறினாலும் உள்ளே சீனிப் பாகு நாக்கைப் பொசுக்கும். எடுத்ததும் கம்பித் தட்டில் 10 நிமிடம் வையுங்கள், நீங்கள் சீருடை மாற்றிப் பை எடுக்க அது சரியாக இருக்கும். பிறகு மூடிய டப்பாவில் போடாமல் டிஷ்யூ பேப்பரில் சுற்றி அனுப்புங்கள். டப்பாவுக்குள் வேர்த்து நமத்துப்போகும்.