என் அப்ளிகேஷனில் மெயில் அனுப்பவும் வாங்கவும் எந்த லைப்ரரி நல்லது?

பைத்தான்தானே எழுதுகிறீர்கள்? அதனுடன் கூடவே வரும் எஸ்எம்டிபிலிப் (அனுப்ப), ஐமேப்லிப் (வாங்க) போதும். அனுப்புவது அரை நாள் வேலை: போர்ட் 587, இணைப்பை மறையாக்க ஸ்டார்ட்டிஎல்எஸ். ஜிமெயில் என்றால் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுவிட்டு, ப்ரோக்ராமுக்கென்று தனியாக 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுங்கள்.

வாங்குவதில்தான் அடி விழும். எனக்கு விழுந்தது.

வடசென்னை தண்டையார்பேட்டையில், துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தேன். கப்பல் கம்பெனியிலிருந்து சரக்கு வருகிறது என்று அரைவல் நோட்டீஸ் மெயில் வந்தால், பிடிஎஃப்பை எடுத்து பிஎல் (சரக்கு ரசீது) நம்பரோடு எக்செல்லில் ஏற்ற வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'அன்சீன்' (இன்னும் படிக்காத) மெயில்களைத் தேடும்படி வைத்திருந்தேன். இரண்டு மாதம் ஒரு குறையுமில்லை. ஒரு சனிக்கிழமை காலை முதலாளி டீக்கடையில் நின்று போனில் அந்த மெயிலைத் திறந்துவிட்டார். படித்த மெயில் ஆகிவிட்டது, ப்ரோக்ராம் தாண்டிப் போய்விட்டது. வாடகையில்லாத ஃப்ரீ டேஸ் முடிந்தும் கன்டெய்னர் யார்டிலேயே கிடந்து, கிரவுண்ட் ரென்ட் (இட வாடகை) ஏறியது.

"இன்னா தம்பி, நானே பாத்தேன், உன் மிஷினு பாக்கலியா?"

அவர் பார்த்ததால்தான் அது பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

அன்சீனை நம்பாதீர்கள். கடைசியாக எடுத்த மெயிலின் யுஐடியை (சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் தரும் எண்) சேமித்து, அதற்கு மேல் உள்ளதைக் கேளுங்கள். '4321:*' (4321 முதல் கடைசி வரை) என்று கேட்டால் புது மெயில் இல்லாவிட்டாலும் பழைய கடைசி மெயிலையே திருப்பித் தரும். எண்ணை ஒப்பிட்டுத் தள்ளிவிடுங்கள். பழைய எண்கள் இன்னும் செல்லுமா என்று காட்டும் யுஐடிவேலிடிட்டி மாறியிருந்தால் மொத்தமாகத் திரும்பப் படிக்க வேண்டும். படித்ததாகக் குறிக்காமல் மெயிலை எடுக்க பாடி.பீக். நான் முதலில் ஆர்எஃப்சி822 என்று எடுத்ததில் எல்லாமே படித்ததாக மாறி, "யாரோ என் மெயிலைப் படிக்கிறாங்க"ன்னு பில்லிங் அக்கா ஒரு வாரம் என்னை முறைத்தார்.

'மெயில் கம்பெனியே தரும் ஏபிஐ இருக்க இந்தக் காலத்தில் பழைய ஐமேப்பா' என்று கமென்டில் வருவீர்கள், தெரியும். அந்த ஆபீஸுடையது டொமைனோடு இலவசமாக வந்த மெயில். அதில் ஐமேப்தான் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லித்தான் ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். யுஐடி பற்றி ஒரு கேள்வி இல்லை. "தண்டையார்பேட்டையா? அங்கேருந்து டெய்லி வந்துடுவீங்களா?" 2021லேயே தண்டையார்பேட்டை தாண்டி விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது சார். பக்கத்து வேளச்சேரியிலிருந்து வந்த பையனும் அன்றைக்கு லேட்தான். அவனை யாரும் கேட்கவில்லை.