கதவுப் பூவேலையில் பழைய பெயின்ற்: எதைக் கொண்டு சுரண்டலாம்?

திருகோணமலையில் பழைய வீடு திருத்துகிறவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் மரவேலைக்காரர்.

உவர்மலையிலிருந்து: அண்ணை, எங்கள் வாசல் நிலையில் வரிவரியாக உருட்டு வேலை. பெயின்றுக்கு மேல் பெயின்ற் அடித்து வரியே தெரியவில்லை. தட்டைச் சுரண்டிதான் கையில் இருக்கிறது. வேறு என்ன வாங்க?

தம்பி, தட்டைச் சுரண்டி சமதளத்துக்குத்தான். உருட்டு வேலையில் வைத்தால் அதன் இரண்டு மூலையும் மரத்தைக் கீறிவிடும். பிளேட் மாற்றக்கூடிய இழுவைச் சுரண்டி ஒன்று பாருங்கள். முக்கோண பிளேட் கூர்ப்பள்ளத்துக்கு, துளி வடிவ பிளேட்டின் உருண்ட பக்கம் குழிவுக்கு. இந்த இரண்டோடு நிறுத்துங்கள். 12 பிளேட் செட் வாங்கினால் பத்து, பெட்டிக்குள்ளேயே நம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும்.

மேடாக உருண்ட வரிக்குக் கடைப் பிளேட் அநேகமாகப் பொருந்தாது, அதை நாமே செய்ய வேண்டும். பெயின்ற் உரிந்த ஓரிடத்தில் காட்போட் மட்டையை வைத்து வளைவை வெட்டி எடுங்கள். இரும்பு அறுக்கும் வாளின் பழைய பிளேட் துண்டில் அதை வரைந்து, கிரைண்டரில் தேயுங்கள். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீரில் தோயுங்கள். இரும்பு நீலம் பாய்ந்தால் கூர் நிற்காது.

அரை மணித்தியாலத்தில் பிளேட் மழுங்கிவிடுகிறதே?

அரை மணித்தியாலம் விட்டதே அதிகம்! நல்ல கூரில் பெயின்ற் சுருளாக வரும். தூளாக வந்தால் நிறுத்தி, நுண்ணிய அரத்தால் இரண்டு இழுவை போடுங்கள். மர நாரின் போக்கிலேயே உங்களை நோக்கி இழுங்கள், தள்ள வேண்டாம். முதிரை மரம் கொஞ்சம் தாங்கும். பலா என்றால் கை இலேசாக இருக்கட்டும்.

சூடான காற்று ஊதும் ஹீட் கன் வாங்கவா? மேசன் ஊதுவிளக்கு தருகிறேன் என்கிறார்.

ஊதுவிளக்கு வேண்டவே வேண்டாம். இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். உங்கள் வாசல் நிலையில் இருப்பது அதற்கு எவ்வளவோ முந்தியது. நெருப்புப் பட்டால் ஈயம் நச்சுப் புகையாக எழும். ஹீட் கன் சரி, ஆனால் 590 பாகை செல்சியசுக்கு எவ்வளவோ கீழே வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசையுங்கள். பெயின்ற் கொப்பளித்த உடனே சுரண்டுங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தால் கண்ணாடி வெடிக்கும். கூரை ஓரப் பூப்பலகைக்குப் பின்னால் சருகும் குருவிக்கூடும் இருக்கும், சூட்டில் தீப்பற்றும், முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது அண்ணை.

அப்படியானால், தங்கச்சி, அந்த நாட்களில் பிள்ளையை அம்மா வீட்டில் விடுங்கள். தண்ணீர் தெளித்து ஈரத்தில் சுரண்டுங்கள். கீழே பொலித்தீன் விரித்து, ஈரத்துணியால் துடையுங்கள். விளக்குமாறு தூளைக் கிளப்பும். துணி மாஸ்க் போதாது, என்95 வேண்டும். உலர்ந்த பெயின்றில் சாண்ட் பேப்பர் போடவே கூடாது.

கிண்ணியாவிலிருந்து: சன்னலுக்கு மேலே சுண்ணாம்புச் சாந்தில் பூ. அதற்கும் இதே கருவியா?

இல்லை. இரும்பும் சூடும் சாந்துக்கு ஆகாது. அடியில் பெரும்பாலும் வெள்ளையடிப்புத்தான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, உளிபோலச் சீவிய மூங்கில் குச்சியால் இதழ் இதழாக எடுங்கள். பொறுமை இல்லாவிட்டால் இதழ் மூக்கறுந்துதான் வரும்.

கம்பிப் பஞ்சு, கோஸ்டிக் சோடா?

கம்பிப் பஞ்சின் துணுக்கு மர நாருக்குள் தங்கி, மாரி வந்ததும் துருப்புள்ளியாகத் தெரியும். அதற்குப் பதில் மென்மையான பித்தளைப் பிரஷ். சோடா மரத்தைக் கறுக்க வைக்கும். கழுவியது போதாவிட்டால் புதுப் பெயின்றும் உரியும்.