புண் ஆறிய பின்பும் துணி பட்டால் வலிப்பது மனப்பிரமையா?

புண் ஆறி மாதங்கள் ஆன பின்பும் துணி பட்டாலே வலிக்கிறது, வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. ஒரு மருத்துவரும் உங்களிடம் மனப்பிரமை என்றுதான் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். எங்களுக்கு அதுதான் நடந்தது.

என் அம்மாவுக்கு இடது விலாவில் அக்கி வந்தது. கொப்புளங்கள் காய்ந்து தழும்பாகியும் வலி போகவில்லை. சேலைத் தலைப்பு அங்கே உரசிவிடாதபடி நாள் முழுவதும் அதைக் கையில் சுருட்டிப் பிடித்திருப்பார். மின்விசிறிக் காற்றுக்கே முகம் சுளிப்பவர், நான் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் பொறுத்துக்கொள்வார். இதைக் கேட்ட மருத்துவர், "அழுத்தினால் வலிக்காதது காற்றுக்கு வலிக்குமா? மனதை வேறு எதிலாவது செலுத்தச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார். அதன் பிறகு அம்மா வலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த ஆறு மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் பள்ளியில் உயிரியல் கற்பிப்பவள். வலி என்பது தோலிலிருந்து மூளைக்குப் போகும் ஒற்றைக் கம்பி என்பதுபோலத்தான் நானும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஆனால் தண்டுவடத்தில், உடலிலிருந்து வரும் உணர்வுச் செய்திகள் வந்து சேரும் பின்கொம்பு என்னும் பகுதியில், வலிச் செய்தியை மேலே விடாமல் அடக்குவதற்கென்றே சிறு நரம்பணுக்கள் இருக்கின்றன. இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்தால் வலி மட்டுப்படுவதற்கு, தொடு நரம்புகள் இந்த அடக்கும் அணுக்களை எழுப்புவதே காரணம் என்று 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் ஆய்வாளர்கள் தங்கள் கதவுக் கோட்பாட்டில் விளக்கினார்கள். அதன் சில பகுதிகள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. இந்த அணுக்கள் காபா, கிளைசின் என்னும் பொருள்களைச் சுரந்து, அடுத்த நரம்பணுவுக்குள் குளோரைடைப் புகச் செய்து அதை அமைதிப்படுத்துகின்றன. நரம்பு காயப்பட்டால், உள்ளே வந்த குளோரைடை வெளியேற்றும் புரதம் குறைந்து அந்த அடக்குதல் பலவீனமடைவது எலிகளில் 2003-இல் காட்டப்பட்டது.

அடக்குதல் போனால் வெறும் தொடுதலே வலியாகிவிடும். நம் ஊர் எட்டிக் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் இந்தக் கிளைசினின் வேலையைத்தான் தடுக்கிறது. அதை எலியின் தண்டுவடத்தில் சிறிதளவு செலுத்தியபோது, உடலில் எந்தக் காயமும் இல்லாமலே, மயிரை லேசாக வருடியதற்கு அது வலியில் துடித்தது. இதைப் படித்த இரவு, தலைப்பைச் சுருட்டிப் பிடித்த அம்மாவின் கைதான் என் கண்முன் நின்றது.

அக்கியில் நரம்பே சிதைவதும் காரணம் என்று யாரேனும் திருத்த வரலாம். நான் அதை மறுக்கவில்லை. நான் மருத்துவரும் அல்லள். ஆகவே மருந்தை நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் என்னும் மாத்திரை கொடுத்தார். மூளைத்தண்டிலிருந்து இறங்கி வந்து வலியை அடக்கும் நரம்புகள் சுரக்கும் நார்அட்ரினலின் என்னும் பொருளை அது கூட்டித் தருகிறது. உறவினர் ஒருவர் கைப்பேசியில் அதன் பெயரைத் தேடிவிட்டு, "மனச்சோர்வு மாத்திரைதானே, அப்போது மனக்கோளாறுதான்" என்று அம்மா காதுபடவே சொன்னார். ஒரு மருந்துக்கு இரண்டு வேலைகள் இருக்கலாம் என்று அவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வலி முழுவதும் போகவில்லை. ஆனால் ஐந்தாவது வாரத்தில் ஒருநாள், அம்மா தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கைகளாலும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

நீங்களும் நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள். "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எது பட்டால் வலிக்கிறது, எதைத் தாங்க முடிகிறது என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.